மூன்றாவது பெயர்

சாக்கோட்டை
20-1-1932

அன்புள்ள தம்பி தங்கச்சாமிக்கு அக்காள் சோணையம்மாள் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பட்டணத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? சளி விட்டதா?

செய்தி இதுதான். அப்பா உபதேசியாராக இருந்த மிஷன் போய்விட்டது. சீமையில் பணமுடையாம். நம் ஜெபக்கூடமும் நான் வாத்தியாரம்மாவாக இருக்கும் பெண் பள்ளிக்கூடமும் மார்கழியில் ஆதிசபை மிஷன் கைக்கு மாறிவிட்டன. உன் கல்லூரி உபகாரச் சம்பளமும் இனி அவர்கள் வழியாகத்தான் வருமாம்.

புதுப் போதகர் மதுரைப் பக்கம். பெயர் யாக்கோபு. பழைய பெயர் சொக்கு என்று ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாக்கோபு ஐயா, தலை மறைந்தால் சொக்கு. முதல் ஞாயிறே சொன்னார்: அப்போஸ்தலர் காலத்தில் இருந்தது ஒரே சபை, மற்றதெல்லாம் பிறகு மனிதர் கட்டியது. ரோமாபுரி பொய். ஜெர்மனி பொய். இங்கிலாந்தும் பொய். இத்தனை நூற்றாண்டு மறைந்து கிடந்த மெய்யான சபை இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது, அதுவும் சாக்கோட்டையில். கேட்கச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். குழந்தைத் தலையில் தெளித்தது ஞானஸ்நானம் ஆகாது. பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் மறுபடி முழுக்கு எடுக்க வேண்டும். எடுக்காதவர்களுக்கு வேலை இல்லை.

எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றேன். யார் கொடுத்தது என்று கேட்டார். ராக்காயி என்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். அவரிடம் சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு முன் இரண்டு பிள்ளைகள் ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போனார்கள். அதனால் அப்பா, தாம் ஊரில் இல்லாத நேரத்துக்கென்று, மருத்துவச்சி ராக்காயிக்கு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து வைத்தார். நான் பிறந்தபோது அவர் சிவகங்கையில். நான் நீலமாகக் கிடந்தேன். அம்மாவுக்கு நினைவில்லை. ராக்காயி ஊருணித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வாய்க்கு வந்த பெயராகச் சோணை என்று வைத்தாள். அழுதேன்.

போதகர் சிரித்தார். "அஞ்ஞானி கையால் ஞானஸ்நானமா!"

நீ படிக்கிறவன். உன் புத்தகங்கள் என்ன சொல்கின்றன? உன்னையும் முழுக்கு எடுக்கச் சொன்னார்களா? மறக்காமல் எழுது.

உன் அக்காள்,
சோணை

*

சென்னை
2-2-1932

மரியாதைக்குரிய அக்காளுக்குத் தங்கச்சாமி வணக்கம். சுகம். சளி பாதி விட்டது.

விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேர். திருவாங்கூர்க்காரன் சொல்கிறான், அவன் குடும்பத்தின் தலைமேல் அப்போஸ்தலர் தோமையரே கை வைத்தாராம். தூத்துக்குடிக்காரன் ரோமாபுரிக் கட்சி: ராயப்பர், பாறை, சாவி. திருநெல்வேலிக்காரன் பிஷப்புகளின் கைகளை ஒன்றின் பின் ஒன்றாக அப்போஸ்தலர் வரை எண்ணிக்கொண்டு போவான், நடுவில் ஒரு கைகூட விடுபடாது. நான் ஜெர்மனியில் தொடங்கிய அப்பாவின் சபையைச் சொன்னேன். நானூறு வயதுதானா என்றார்கள்.

இது காலையில், குழாயடியில் நடந்தது. நால்வர் கையிலும் செம்பு. யார் சபை மூத்தது என்று முடிவாவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நால்வரும் குளிக்காமல் வகுப்புக்குப் போனோம்.

உங்கள் கேள்விக்கு. ஆதியிலேயே இந்த வழக்கு வந்திருக்கிறது. ஊற்றுகிறவன் யார் என்பது முக்கியமில்லை என்று தீர்த்திருக்கிறார்கள். கெட்ட குரு ஊற்றினாலும் செல்லும். ஆபத்தில், விசுவாசமே இல்லாதவர் ஊற்றினாலும் செல்லும் என்று ரோமாபுரி ஒப்புக்கொள்கிறது. தண்ணீர் வேண்டும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயர் வேண்டும். அவ்வளவுதான். கொடுப்பது கை இல்லை.

இதைப் போதகரிடம் சொல்லுங்கள்.

இங்கே கடற்காற்று. இரவெல்லாம் ஜன்னல் அடித்துக்கொள்கிறது.

தம்பி,
தங்கச்சாமி

*

சாக்கோட்டை
21-2-1932

அன்புள்ள தம்பிக்கு. சுகம், உன் சுகம் அறிய ஆவல். மிளகுப்பொடி அனுப்பியிருக்கிறேன், பாலில் போட்டுக் குடி.

நீ எழுதியதைச் சொன்னேன். தண்ணீர், மூன்று பெயர். போதகர் விடவில்லை. அந்தப் பெயர்களை ராக்காயி சொன்னாளா என்று அவளையே விசாரிக்க வேண்டும் என்றார். ஜெபக்கூடத்துக்கு அழைத்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன வார்த்தை சொல்லி ஊத்துனீங்க?"

"உபதேசியாரு சொல்லிக் குடுத்ததத்தான். பிதா. சுதன். அப்புறம் ஒருத்தரு."

"பரிசுத்த ஆவி."

"அவருதான்னு நெனைக்கிறேன். பதட்டத்துல அந்தப் பேரு வரல சாமி. புள்ள நீலம் பாஞ்சு கெடக்கு. அய்யனாரேன்னு ஒரு சத்தம் போட்டு ஊத்திட்டேன்."

"அய்யனாரா! மூணாவதா அய்யனாரையா சொன்னே?"

"மூணாவதாச் சொன்னேனா, மூணு பேரையும் சொல்லிட்டு நாலாவதாச் சொன்னேனான்னு இப்பக் கேட்டா? இருபத்தாறு வருசமாச்சு. நீங்க பொறந்தன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கும்? புள்ள அழுதுச்சுல்ல. பெறகு என்னத்துக்கு விசாரணை?"

போதகர் என்னைப் பார்த்தார். "பார்த்தாயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? அவர் ராக்காயியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை போலிருக்கிறது. கேட்கப் பயந்தாரோ?

அந்த மூன்றாவது பெயர் எது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ரோமாபுரிக்கும் தெரியாது.

இதற்கு என்ன சொல்கிறாய்? நான் கேட்ட மற்றதற்கும் நீ பதில் எழுதவில்லை. உன்னைக் கேட்டார்களா?

சோணை

*

சென்னை
29-3-1932

மரியாதைக்குரிய அக்காளுக்கு. சுகம். மிளகுப்பொடி வந்தது. பரீட்சைகள். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ராக்காயி சொன்னதைப் பல நாள் யோசித்தேன். எந்தச் சபையின் தொடக்கத்தையும் தோண்டிக்கொண்டே போனால் அங்கே பதற்றத்தில் ஒருவர் ஏதோ ஒரு பெயரைக் கூவியிருக்கிறார். பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தி எழுதிக்கொண்டார்கள். ரோமாபுரியிலும் ஓர் அய்யனார் இருந்திருப்பார். ஜெர்மனியிலும். ஆதிசபை என்கிறவர்கள் ஆதியைப் பார்த்ததில்லை.

ஆனால் அக்கா, வேலை என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் பாதி உண்மை என்றால் ஒன்றை ஏன் எதிர்க்க வேண்டும்? சடங்குதானே. கண்ணை மூடினால் தண்ணீர். திறந்தால் வெளிச்சம். உள்ளே ஒன்றும் மாறுவதில்லை. காதில் கொஞ்சம் உப்பு நிற்கும், அவ்வளவே.

உங்களை நம்பிப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். யோசியுங்கள்.

பவுல் தங்கச்சாமி

*

சாக்கோட்டை
8-4-1932

தம்பிக்கு. சுகம்.

பவுல் யார்?

ஊருணித் தண்ணீரில் உப்பு இல்லை. உனக்குத் தெரியாததா?

இங்கே கோடை முன்பே வந்துவிட்டது. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. ஊருணியில் மட்டும் தண்ணீர். போதகர் முழுக்குக்கு அதைத்தான் குறித்திருக்கிறார். பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஐயா, அது குடிதண்ணீர், யாரும் அதில் முங்குவதில்லை, கால் கழுவாமல் படியில்கூட இறங்குவதில்லை, துணி நனைத்தால்கூட ஊர் கூடிவிடும் என்றேன். யோர்தான் தண்ணீரையும்தான் ஜனங்கள் குடித்தார்கள் என்கிறார். யோர்தான் ஓடுகிற ஆறு. இது நிற்கிற தண்ணீர். பாடம் நடத்துகிற எனக்கே இதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

முழுக்கின்போது எனக்கு ரூத் என்று பெயராம். சோணை அஞ்ஞானப் பெயர் என்கிறார்.

கேள்விக்குப் பதில் எழுது.

அக்காள்

*

சென்னை
23-4-1932

மரியாதைக்குரிய அக்காளுக்கு. சுகம்.

பெயர் விஷயம் ஒன்றுமில்லை. இங்கே சிலர் அப்படிக் கூப்பிடுகிறார்கள். கை தவறி எழுதிவிட்டேன்.

வெயில் அதிகம். விடுமுறைக்கு வர முடியாது. மிஷன் நூல்நிலையத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

ஊருணி வேண்டாம் என்று போதகருக்கு நானும் எழுதுகிறேன்.

தங்கச்சாமி

*

சாக்கோட்டை
19-5-1932

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதிக்கொள்வது. உடம்புக்குச் சுகம்.

நீ எழுதவில்லை என்பது போதகர் முகத்திலேயே தெரிந்தது. போகட்டும். ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன்.

வெயில் ஏறுமுன் வெள்ளை அங்கியோடு வந்தார்கள். போதகர், காரைக்குடியிலிருந்து ஒரு துரை, முழுக்கு எடுக்க ஏழெட்டுப் பேர். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தோடு படியிலேயே நின்றுவிட்டார்கள். நானும் குடத்தோடு அவர்களுக்கு நடுவில் நின்றேன். எங்கே நிற்பது என்று முதல்நாளே தீர்மானித்துவிட்டேன்.

மலையாண்டி அம்பலம் கரையில் நின்றார். ஊர்ப் பெரியவர் என்ற முறையில் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"அய்யா, அங்குட்டே நில்லுங்க. கூட்டமா வாரீக, என்ன செய்யப் போறீக?"

"ஞானஸ்நானம்."

"அதைக் கம்மாயில வச்சுக்கிருங்க."

"கண்மாய் வற்றிவிட்டது."

"அதுக்கு? நாங்க குடிக்கிறதுல முங்குவீகளா?"

"இது பரிசுத்தமான காரியம்."

படியிலிருந்து முத்தழகு, என்னிடம் படிக்கிற பிள்ளையின் தாய், கத்தினாள்: "சாமி எதுவா வேணா இருக்கட்டும், கால் அழுக்கு ஒண்ணுதான!"

கூட்டம் சிரித்தது. துரைக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

போதகருக்குக் கோபம். காகிதத்தை எடுத்து, "ரூத்" என்று கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி "ரூத்!" பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சோணையம்மாள்" என்றார். என்ன ஐயா என்றேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உன் சொந்தத் தம்பியைப் பார். பட்டணத்துக் கடலில் மார்கழியிலேயே முழுக்கெடுத்தான். பழைய பெயரைக் களைந்து பவுல் ஆனான். படித்தவன் அவனே ஒப்புக்கொண்டபின் உனக்கென்ன?"

அப்போது என் குடம் தண்ணீரில் இருந்தது. நிரம்பிவிட்டது. எடுத்து இடுப்பில் வைத்தேன்.

மார்கழி. நான் உனக்கு எழுதிய முதல் கடிதம் தையில்.

பிறகு நான் சொன்னதை ஊரே சொல்லிக்கொண்டு திரிகிறது, யாராவது மாற்றிச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். "இந்தத் தண்ணிய இருபத்தாறு வருசமாக் குடிக்கிறேன். இது எனக்குள்ள எறங்கிருச்சு. நான் இதுக்குள்ள எறங்க மாட்டேன்" என்றேன்.

"உன் மேல் ஊற்றியது யார் பெயரால் என்று உனக்கே தெரியாதே" என்றார்.

"தெரியாது. ஊத்துனது யாருன்னு தெரியும்" என்றேன்.

துரைதான் முதலில் திரும்பினார். முழுக்கைக் காரைக்குடியில் ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கதவில் வேறு பூட்டு.

அந்தப் படியில் எல்லாச் சாதியாரையும் இந்த ஊர் இறங்கவிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சண்டை எனக்கு மிச்சமிருக்கிறது.

சோணை

*

சாக்கோட்டை
30-6-1932

தம்பிக்கு. சுகம். இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

மலையாண்டி அம்பலம் ஊர்ச் சாவடியில் பள்ளிக்கூடம் நடத்திக்கொள் என்றார். சந்தோஷப்பட்டேன். பிறகு, "ராக்காயி ஒன்னை அய்யனாருக்குல்ல குடுத்திருக்கா. இந்தப் புரவியெடுப்புத் திருவிழாவுக்குத் திருநீறு பூசி வந்து நில்லு. சாவடி ஒனக்குத்தான்" என்றார்.

"நான் கிறிஸ்தவச்சி, அம்பலம்."

"எந்தக் கிறிஸ்தவச்சி? ஒங்காளுகளே இல்லேங்கிறாகளே!"

"அவுக இல்லேங்கட்டும். நீங்களும் இல்லேங்குங்க. நான் ஆமாங்கிறேன்."

சாவடி போயிற்று.

ரோமான் சாமியாரும் வழியில் பார்த்து நல்லபடியாகவே பேசினார். மூன்றாவது பெயரில் சந்தேகம் இருப்பதால், சந்தேகத்தின் பேரில் ஒருமுறை, சும்மா நெற்றியில் மட்டும் ஊற்றிவிடலாம் என்றார். சந்தேகம் உங்களுக்குத்தானே சுவாமி, என் நெற்றி எதற்கு என்றேன். சிரித்துவிட்டார். அவர் கன்னியர் பள்ளியில் வேலை இருந்தது. அதுவும் போயிற்று.

இப்போது ராக்காயியின் மாட்டுத் தொழுவத்தில் நடத்துகிறேன். பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். மாடு வெளியே, நாங்கள் உள்ளே. ராக்காயியிடம், "ஒன் சபையில நான் ஒருத்திதான்" என்றேன். "எனக்கு எதுக்குடி சபை? சாணியை அள்ளிட்டுப் பாடத்தை நடத்து" என்றாள்.

காலையில் ஜெபம் சொல்கிறேன். பிதா. சுதன். அந்த மூன்றாவது பெயருக்கு வரும்போது ஒரு கணம் நின்று சொல்கிறேன். தவறாமல் சொல்கிறேன். நிற்காமல் சொன்ன காலத்தைவிட இப்போதுதான் அது பெயர் மாதிரி இருக்கிறது.

அக்காள்

*

சென்னை
25-9-1932

மரியாதைக்குரிய அக்காளுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இரண்டு கடிதமும் வந்தன. தலையணைக்குக் கீழே இருக்கின்றன. மார்கழியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பல தாள். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். ஐப்பசி முதல் ஞாயிறு நம் ஜெபக்கூடத்தில் என்னைப் பிரசங்கம் செய்யச் சொல்கிறார்கள். 'மெய்யான சபையும் போலிச் சபைகளும்.' தலைப்பு அவர்கள் கொடுத்தது. உங்கள் பெயர் வர வேண்டும் என்கிறார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகள் தொழுவத்துக்குப் போவது அவர்களுக்கு உறுத்துகிறது. நான் பேசினால் அந்தப் பாதியும் மிஷன் பள்ளிக்குத் திரும்பும் என்று நம்புகிறார்கள். மறுத்தால் கடைசி வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் இல்லை.

வருகிறேன். சனிக்கிழமை ரயில். எங்கே தங்குவது என்று தெரியவில்லை.

தம்பி

*

சாக்கோட்டை
4-10-1932

அன்புள்ள தம்பி தங்கச்சாமிக்கு அக்காள் சோணையம்மாள் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ சுகமாக வந்து சேர வேண்டும்.

எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறாய். எழுதிக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டதே.

நீ பேசு, பேசாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஜெபக்கூடத்தில் உரக்கப் பேசினால் தொழுவத்துக்குக் கேட்கும். நீ சொல்கிறதைப் பிள்ளைகளும் கேட்பார்கள். என் பெயரைச் சொல்வதானால் சோணை என்று சொல். ரூத்தைத் திட்டினால் எனக்கு உறைக்காது.

உன் கடைசி வருஷம் உன்னுடையது. எனக்கு அதில் பங்கு இல்லை. எனக்காக விட்டேன் என்று பிற்பாடு சொல்வதானால் இப்போதே விடாதே.

ஒன்று மட்டும். பிரசங்கியாராக வந்தால் காரைக்குடி ஸ்டேஷனுக்கு மிஷன் வில்வண்டி வரும், ஏறிக்கொள். தம்பியாக வந்தால் நடந்து வா. தெருவில் நீ வருவதைக் கண்டபிறகுதான் உலை வைப்பேன். வண்டிச் சத்தம் கேட்டால் வைக்க மாட்டேன்.

வழியில் ஊருணியில் தண்ணீர் குடிப்பாய். காலைக் கழுவிவிட்டு இறங்கு.

சோணை

*

காரைக்குடி ஸ்டேஷன்
சனிக்கிழமை

அக்கா,

இந்தத் தபால் அட்டை நான் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். இருந்தாலும் எழுதுகிறேன். பேச்சில் சொல்ல வராது.

ரயில் தாமதம். நல்ல மழை. கூரைக்கடியில் நிற்கிறேன். வெளியே வில்வண்டி. வண்டிக்காரன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "பவுல் ஐயா யாரு? சாக்கோட்டைக்குப் பவுல் ஐயா யாரு?" என்று கூவுகிறான். என்னையும் பார்த்துக் கேட்டான்.

யாரும் பதில் சொல்லவில்லை.

மழை விடுவதாக இல்லை. நடக்கிறேன்.

தங்கச்சாமி